"ஜெபமே வரமாட்டேங்குது" என்கிறவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பாளை_பெண்கள்ஐக்கியம் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியம் சார்பில் வீடு சந்திப்பு நடத்துகிறோம். டயாலிசிஸ், பக்கவாதம் என்று வருஷக்கணக்கில் இழுக்கிற நோயாளிகள் உள்ள வீடுகள்தான் அதிகம். நோயாளியைவிட, கூட இருந்து பார்க்கிற மனைவியோ மகளோதான் உடைந்து போகிறார்கள். "வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுது, முழங்கால் போட்டால் தூக்கம் வருது, ஜெபமே வரமாட்டேங்குது" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தை. நாங்களும் "விசுவாசத்தை விடாதீங்க" என்று சொல்லி, ஒரு வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வரும்படியாக, தினமும் செய்யக்கூடிய எதாவது முறை இருக்கிறதா? உபவாசக் கூட்டத்துக்கு இவர்களைக் கூப்பிடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆலயமணி எழுதியது:

முதலில் அளவைக் குறையுங்கள் சகோதரி. பெரும்பாலும் இவர்கள் சுகமாக இருந்த நாட்களின் அட்டவணையையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவருக்கு நாலு நாள் விட்டுப்போனால் பாக்கி பதிமூன்று அதிகாரம் ஆகிவிடும். அந்தப் பாக்கியைப் பார்த்தே வேதத்தைத் திறக்கப் பயப்படுவார்கள். "இந்த வருஷம் அந்த அட்டவணை வேண்டாம்" என்று போதகர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

அதற்குப் பதில் சங்கீதம் 13 மட்டும். ஆறே வசனம். சத்தமாக வாசிக்க ஒரு நிமிஷம் போதும். செய்கிற விதம் இது:

முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தரம் வருகிறது. அதை வாசித்ததும் நிறுத்தி, அன்றைய சொந்த "எதுவரைக்கும்" ஒன்றைச் சொல்ல வேண்டும். "எதுவரைக்கும் இந்தப் பாடு" என்று மொத்தமாகச் சொன்னால் மனசு ஒட்டாது. "எதுவரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன்", "எதுவரைக்கும் நாத்தனாரிடம் ஆட்டோ காசு கேட்பேன்" என்ற அளவுக்கு இறங்கி வரணும். 3, 4 வசனங்கள் விண்ணப்பம். அங்கே இன்றைக்கு மட்டும் வேண்டிய ஒரு காரியம். பூரண சுகம் என்பது அந்த இடத்துக்கு வேண்டாம், அதைச் சபை கேட்கட்டும். இவர் கேட்க வேண்டியது "இன்றைக்கு ஊசி ஒரே தடவையில் இறங்கணும்" போல ஒன்று. 5, 6 வசனங்கள் நம்பிக்கை அறிக்கை. அதை வாய் சொல்ல மறுத்தால் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி இரண்டை வீட்டில் வேறொருவர், சின்னப் பிள்ளையானாலும் சரி, வாசிக்கலாம்.

நாளைக்கும் இதே சங்கீதம்தான். மாற்ற வேண்டாம். கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-ல் இருக்கிறது. புது வார்த்தை தேடுகிற வேலையை எடுத்துவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

எங்கே பிசகும் என்றும் சொல்லிவிடுகிறேன். சந்திக்கப் போகிறவர்கள் ஐந்தாம் வசனத்துக்கு அவசரப்படுவார்கள். முதல் "எதுவரைக்கும்" வந்து கண் கலங்கியதுமே "எல்லாம் நன்மைக்குத்தான்மா" என்று மூடிவிடுவார்கள். அதோடு அந்த வீட்டில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

---

பாளை_பெண்கள்ஐக்கியம் எழுதியது:

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். இப்படிக் கேட்பது முறுமுறுப்பு ஆகாதா? "முறுமுறுத்தவர்கள் அழிக்கப்பட்டார்கள்" என்று 1 கொரிந்தியர் 10-ல் இருக்கிறதே. எங்கள் மூத்த அங்கத்தினர் ஒருவர் நிச்சயம் இதைக் கேட்பார்.

---

ஆலயமணி எழுதியது:

கேட்கட்டும், நியாயமான கேள்விதான். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேல் ஜனங்கள் யாரிடம் பேசினார்கள் என்று பாருங்கள். யாத்திராகமம் 16-ல் மோசேக்கும் ஆரோனுக்கும் விரோதமாக. சங்கீதம் 106:25-ல் "தங்கள் கூடாரங்களில்", அதாவது தங்களுக்குள். கர்த்தரைப் பார்த்துப் பேசவே இல்லை. சங்கீதக்காரன் அதே கசப்பைக் கர்த்தர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான், "கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுச் சொல்கிறான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் புலம்பல் வகைதான். பாவமாக இருந்தால் ஆலயத்தில் பாட வைத்திருப்பார்களா?

ரொம்ப முற்றிய நிலையில் இருக்கிறவர்களுக்குச் சங்கீதம் 88. பதினெட்டு வசனத்தில் ஒரு இடத்திலாவது துதிக்குத் திரும்பும் என்று பார்த்தால் திரும்பாது. சிநேகிதர் விலகிப்போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடும். ஆனாலும் முதல் வசனத்திலேயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு விளிப்பில்தான் முழுச் சங்கீதமும் நிற்கிறது. இதைவிட அதிக விசுவாசத்தை அந்த வாரம் அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

டயாலிசிஸ் பற்றிக் கேட்டதால் நர்ஸாகச் சில விஷயங்கள். ஜெபக்குழுக்காரர்கள் அன்பாகத்தான் வருகிறார்கள், தெரியாமல் செய்வதுதான் தொல்லை.

உபவாசம்: டயாலிசிஸ் நோயாளியைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பையே பாதிக்கும். அதைவிட மோசம் உபவாசம் முடிக்கிற விதம். இளநீர், ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழம் என்று கொடுப்பார்கள், மூன்றுமே பொட்டாசியம். தண்ணீருக்கும் டாக்டர் கொடுத்த அளவுதான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கும், துணைக்கு வந்தவர்கள் உட்பட, டாக்டரைக் கேட்காமல் உபவாசம் கூடாது. கூட்டத்தில் யாருக்காவது கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் பரிசுத்த ஆவியின் "அபிஷேகம்" என்று நினைத்துக் கையை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கை வைத்து ஜெபிப்பது: ஃபிஸ்டுலா போட்ட (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த) கையைப் பிடிக்காதீர்கள், அழுத்தாதீர்கள். எண்ணெய் பூசுவதானால் நெற்றியில் மட்டும், ஊசி போட்ட இடத்தில் வேண்டாம்.

நேரம்: ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தரம். ஒரு கையில் ஊசி, மற்றக் கையில் பிரஷர் பட்டை. புத்தகத்தைப் பிடித்து வாசிக்கிறது நடக்காத காரியம். ஃபோனில் ஒரு சங்கீதத்தை வீட்டு ஆள் குரலிலேயே பதிவு செய்து ஒரு காதில் மட்டும் போட்டுவிடுங்கள், இன்னொரு காது மெஷின் அலாரத்துக்கும் எங்களுக்கும் வேண்டும். முடிந்து வீட்டுக்குப் போனதும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அந்தச் சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள், மறுநாள் வையுங்கள்.

இன்னொன்று. "சுகமாயிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சாட்சி சொன்னால், அன்றைக்கே அவர் குடும்பத்தாரிடம் தனியாகப் பேசுங்கள். டயாலிசிஸ் ஒரு வாரம் விட்டுப்போவது உயிர் சமாச்சாரம்.

---

செபமாலை_மதுரை எழுதியது:

நான் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து. சங்கீதம் 88 பற்றிச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். திருச்சபையின் இரவு செபத்தில் வெள்ளிக்கிழமைக்கு உரிய திருப்பாடலே (நீங்கள் சங்கீதம் என்பது) 88தான். வாராவாரம் அதைச் சொல்லிவிட்டுத்தான் குருக்களும் கன்னியரும் தூங்கப் போகிறார்கள்.

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலைப் பல வீடுகளில் கடைசி மூச்சுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். "அவஸ்தைபூசுதல்" என்று அந்தக் காலத்தில் சொன்ன பழக்கம் இன்னும் போகவில்லை. சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று கூப்பிடவே மாட்டார்கள். நோய் கடுமையாக இருக்கும்போதே பெறலாம், நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பெறலாம். நற்கருணையும் வீட்டுக்கே கொண்டு வருவார்கள், பல பங்குகளில் மாத முதல் வெள்ளியன்று. உபதேசியாரிடம் பெயர் கொடுத்து வைத்தால் போதும்.

கவனிப்பவருக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் இரண்டு யோசனைகள் நேரடியாக உதவும். செபத்தில் மனம் வறண்டுபோன காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது ஒன்று. இனிக் கோவிலுக்கே போகமாட்டேன் என்றோ, தாலிச் செயினை விற்றுக் காணிக்கை போடுகிறேன் என்றோ அர்த்த ராத்திரியில் முடிவெடுக்கக் கூடாது. இன்னொன்று, அந்த நேரத்தில் செபத்தைக் குறித்த நேரத்துக்குச் சற்று அதிகமாகவே நீட்டச் சொல்கிறார். அவர் சொன்னது தியானத்தில் இருப்பவர்களுக்கு, ஒரு மணி நேரக் கணக்கில். நோயாளி வீட்டில் குறித்த நேரமே ஐந்து நிமிஷம் என்று வையுங்கள். அதை மூன்றாக்காமல் ஆறாக்கினால் போதும்.

---

தாமிரபரணி எழுதியது:

தாலிச் செயின் என்றதும் ஞாபகம் வருகிறது. பொருத்தனை, அதாவது ஆண்டவருக்குச் செய்கிற நேர்ச்சை. நோய் வந்த வீட்டில் இது கடனை விடப் பெரிய சுமையாகிவிடுகிறது. "இத்தனை ஆயிரம் விதையுங்கள், ஆண்டவர் நூறு மடங்காய்த் தருவார்" என்று டிவியில் சொல்வதை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டு, கொடுக்க முடியாமல், அதனால்தான் நோய் தீரவில்லை என்று நினைத்து நடுங்குகிறார்கள். உபாகமம் 23:22-ஐக் காட்டுங்கள்: "நீ பொருத்தனை பண்ணாதிருந்தால், உன்மேல் பாவம் இல்லை." ஏற்கெனவே பண்ணிவிட்டவர்களைப் போதகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் ஜெபித்து அந்தப் பயத்திலிருந்து விடுவிக்கட்டும்.

வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். வருஷப் பிறப்பு ஆராதனையில் எரேமியா 29:11 ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கர்த்தர் கொடுப்பார் என்ற வசனம்) வந்துவிட்டால் டிசம்பருக்குள் எல்லாம் மாறிவிடும் என்று காத்திருப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போன பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்று ஐந்தாம் வசனம். நீண்ட நோய் உள்ள வீட்டுக்கு 11-ஐ விட 5 தான் உபயோகம்: கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றுவது, பிள்ளை டியூஷனை நிறுத்தாமல் இருப்பது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, வலி தணிப்பு சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கக்கூட அந்தப் பெண்களுக்கு நேரம் இருக்காது. உங்கள் ஐக்கியத்தில் ஒருவர் போய்க் கேட்டு வரலாமே.

மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவனும் கையைத் தாங்கினது எல்லாருக்கும் தெரியும். அதே வசனத்தில், யாத்திராகமம் 17:12, முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. வீட்டுச் சந்திப்பில் அந்தக் கல்லைத்தான் முதலில் போடணும். இருபது நிமிஷம் ஜெபித்துவிட்டு வருவதற்குப் பதில், வாரம் ஒரு டயாலிசிஸுக்கு உங்களில் ஒருவர் துணைக்குப் போங்கள். அந்த நாலு மணி நேரம் அந்த அம்மா தூங்கட்டும். சூரைச்செடியின் கீழே சாகணும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, திரும்பத் தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

எலியா கேட்ட மாதிரியே இந்த அம்மாக்களும் கேட்பார்கள், அதையும் சொல்லணும். "ஆண்டவர் என்னை எடுத்துக்கிட்டா நல்லது" என்று சொன்னால் வசனம் சொல்லி அடக்காமல், "சாகணும்னு தோணுதா, எதாவது செய்துக்கலாம்னு நினைச்சீங்களா" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

---

பாளை_பெண்கள்ஐக்கியம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துணைக்குப் போகிற முறையை இந்த மாதமே ஆரம்பிக்கிறோம். கடைசியாக ஒன்று: சங்கீதம் 88-ஐ ஐக்கியக் கூட்டத்தில் எல்லாருமாக வாசிக்கலாமா? புதிதாக வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்களோ?

---

ஆலயமணி எழுதியது:

வாசிக்கலாம். ஆனால் மாறி மாறி வாசிக்க வேண்டாம், நன்றாக வாசிக்கிற ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். அதற்கு முன், "இது வேதத்தில் உள்ள ஜெபம், முடிவில் ஆறுதல் வராது, வராதபடிதான் எழுதப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். வாசித்து முடித்ததும் உடனே கீபோர்டை ஆரம்பிக்க விடாதீர்கள், ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிறந்தநாள், கல்யாணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை உள்ள வாரமாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.