பிக்யூஆர் இருக்கும்போது வெல்டருக்குத் தனியாக டெஸ்ட் எதற்கு?

கேள்வி:
ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9-படி (வெல்டிங் தகுதிச் சோதனைக்கான விதிநூல்) கார்பன் ஸ்டீலுக்கு ஒரு பிக்யூஆர் (வெல்டிங் முறையைச் சோதித்துத் தேறிய பதிவு) இருக்கிறது. 12 மிமீ பிளேட், 1ஜி (கிடையாக வைத்து மேலிருந்து போடும் பிளாட் பொசிஷன்). ரூட் (அடி வரிசை) 3 மிமீ டிக் (ஆர்கான் வெல்டிங்), மீதி 9 மிமீ இ7018 ராட். இப்போது வந்திருப்பது 6 இன்ச் பைப், கனம் 7.11 மிமீ, ஜாயிண்ட் எல்லாப் பொசிஷனிலும் வரும். பிக்யூஆரை மறுபடி 6ஜி-யில் (45 டிகிரி சாய்த்து, திருப்பாமல் வைத்த பைப்) போட வேண்டுமா, வெல்டர்களுக்கு மட்டும் டெஸ்ட் வைத்தால் போதுமா? பிக்யூஆர் கூப்பனை (சோதனைத் துண்டை) போட்ட வெல்டருக்கும் டெஸ்ட் தேவையா?

ரூட்பாஸ்:
இம்பாக்ட் டெஸ்ட் (திடீர் அடியைத் தாங்குகிறதா என்ற சோதனை) கேட்காத வேலை என்றால் பிக்யூஆர் அப்படியே செல்லும். 12 மிமீ கூப்பன் 5 முதல் 24 மிமீ வரை கவர் செய்யும். பிளேட்டில் போட்டது பைப்புக்கும் பொருந்தும். பொசிஷன் புரொசீஜருக்கு எசென்ஷியல் வேரியபிள் (மாறினால் மறுபடி சோதிக்க வேண்டிய அம்சம்) இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டெபாசிட் கனம் புராசஸ் வாரியாகக் கணக்காகும். 3 மிமீ டிக் போட்டதால் டிக் 6 மிமீ வரைதான். 7.11 மிமீ பைப்பை முழுக்க டிக்கிலேயே முடிக்க இந்த பிக்யூஆர் இடம் தராது.

பிக்யூஆரில் சோதிப்பது உலோகத்தை. இந்த பேஸ் மெட்டல், பில்லர், ப்ரீஹீட் சேர்ந்தால் தேவையான வலிமை வருகிறதா என்று பார்க்கத்தான் 2 டென்சைல் (இழுவைச் சோதனை), 4 பெண்ட் (வளைப்புச் சோதனை). வெல்டர் டெஸ்டில் டென்சைலே கிடையாது. புரொசீஜர் சரி என்று எடுத்துக்கொண்டு, ஸ்லாக் சிக்காமல், ரூட் ஒட்டாமல் போகாமல் அவர் கை போடுகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். அதனால்தான் பொசிஷன் வெல்டருக்கு எசென்ஷியல் ஆகிறது.

கூப்பன் போட்டவர் அதனாலேயே குவாலிஃபைட்தான், ஆனால் பிளாட்டுக்கு மட்டும். பிக்ஸட் பைப்புக்கு அவரும் 6ஜி போட்டாக வேண்டும். ஒரு புராசஸில் 6 மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதியும் காலாவதி.

க்யூசி_பைப்பிங்:
இம்பாக்ட் டெஸ்ட் இருந்தால் மேலே சொன்னது தலைகீழாகிவிடும். அப்போது 12 மிமீ கூப்பனின் கீழ் வரம்பு 5 இல்லை, 12 மிமீ. உங்கள் 7.11 மிமீ வெளியே போய்விடும். 1ஜி-யிலிருந்து வெர்ட்டிகல் அப்புக்கு மாறுவதும் சப்ளிமெண்டரி எசென்ஷியல் (இம்பாக்ட் இருந்தால் மட்டும் எசென்ஷியல் ஆவது). மேல்நோக்கிப் போகும்போது வேகம் குறையும், ஹீட் இன்புட் ஏறும், டஃப்னஸ் (அடி தாங்கும் திறன்) இறங்கும். புது பிக்யூஆர் போட வேண்டும். வேலையை எடுக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

வெல்டர் டெஸ்டுக்கு அதே 6 இன்ச் பைப் கூப்பன் போதும்; 73 மிமீ வெளிவிட்டமும் அதற்கு மேலும் கவர் ஆகும். 2 இன்ச் பைப் 60.3 மிமீதான், அதற்குத் தனி கூப்பன். இ7018-ஐ டிக் ரூட்டின் மேல் போடுவதால் அது பேக்கிங்குடன் (அடியில் தாங்கும் உலோகத்துடன்) போட்டதாகவே கணக்கு. ஓபன் ரூட்டை (அடியில் தாங்கல் இல்லாத ரூட்டை) ராடில் போட இவரை விடக்கூடாது.

கேள்வி:
நன்றி. இம்பாக்ட் இல்லை. பெண்டுக்குப் பதில் ஆர்டி (ரேடியோகிராஃபி படம்) எடுக்கலாமா?

ரூட்பாஸ்:
வெல்டருக்கு எடுக்கலாம், பைப்பின் முழுச் சுற்றும் எடுக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் மிக் (கம்பி ஊட்டும் வெல்டிங்கின் ஒரு வகை) என்றால் கூடாது. அதில் வரும் லாக் ஆஃப் ஃபியூஷன் (உலோகம் உருகி ஒட்டாத குறை) பிலிமில் எளிதில் பிடிபடாது. பிக்யூஆருக்கு ஆர்டி ஒருபோதும் மாற்று இல்லை, பிலிம் வலிமையைக் காட்டாது.

பெண்ட் எடுத்தால் 6ஜி-க்கு 2 பேஸ் (வெல்டின் மேற்பரப்பு வெளிப்பக்கம் வருமாறு வளைப்பது), 2 ரூட் (அடிப்பக்கம் வெளியே வருமாறு). வளைந்த பரப்பில் 3 மிமீக்கு மேல் திறந்த குறை இருந்தால் ஃபெயில். நல்ல வெல்டே பீஸ் தயாரிப்பில் கெட்டுப்போவதுண்டு: கிரைண்டிங் கோடு பீஸின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். மூலைகளை 3 மிமீ ரேடியஸுக்குள் மழுக்கிவிடுங்கள். டேக் (பைப்பைப் பிடித்து வைக்கும் சிறு வெல்ட்) போட்டவுடன் பைப்பில் 12 மணி நிலையைப் பஞ்ச் செய்யுங்கள். நடுவில் கூப்பனைத் திருப்பினால் அது 6ஜி டெஸ்டே இல்லை.