புதுப்பிப்பு: சிம்ஸ் 4-இன் வயதுப் பருவங்கள் குறித்து

பதின்வயதினர், இளைஞர், நடுவயதினர் ஆகிய மூவரும், மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டான தி சிம்ஸ் 4-இல் ஒரே உயரத்துடன் ஒரே மாதிரி நடமாடுவதால் வயது என்பது வெறும் பெயர்ப்பலகையாகிவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன்; உயரத்தை மாற்றினாலே போதும் என்று நண்பர்கள் சிலர் பதிலளித்திருந்தனர். அதன்பின் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைகளை வைத்து ஆடிப் பார்த்ததில், என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

2014-இல் விளையாட்டு வெளிவந்தபோது இல்லாமல், 2017 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்ட நடைபழகும் வயதுக் குழந்தையே, பருவத்தை வேறுபடுத்துவது உயரம் மட்டுமல்ல என்பதற்குச் சரியான சான்று. என் வீட்டுக் குழந்தை மாடிப்படியைக் கையூன்றி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்க, அதன் தாய் வேலைக்குத் தாமதமாகிக் கீழே காத்து நின்றாள். குழந்தை குள்ளமாக இருப்பதால் மட்டும் அந்தக் காட்சி அமையவில்லை. தானாக இயலாதவையும், நடை, பேச்சு, சிந்தனை என அதற்கே உரிய திறன்களும் சேர்ந்து வீட்டின் நாளையே மாற்றிவிடுகின்றன. 2023 மார்ச்சில் வந்த கைக்குழந்தைப் பருவத்திலும் இதே கவனம் தெரிகிறது.

முதியவர்களுக்குத் தனித்தன்மையே இல்லை என்று நான் எழுதியது தவறு. அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தால் அவர்கள் உயிரிழக்கவும் கூடும். (தாத்தாவை ஓட்டப் பொறியிலிருந்து இறக்கிவிட நான் பட்ட பாடு தனிக்கதை.) ஆனால் நடுவயதைப் பொறுத்தவரை என் குறை அப்படியே நிற்கிறது: பிறந்தநாள் கேக்கை ஊதி முடித்த மறுகணமே அந்தத் தாய் பழைய இளைஞியாகவே சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.