ஆபரேஷன் முடிஞ்சாச்சு, ஃபீஸ் எப்போ? சேலம் டாக்டர்களே, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மயக்க டாக்டர், அஸ்தம்பட்டி

2025 ஆகஸ்ட்ல ஹரியானா தனியார் ஆஸ்பத்திரிகள் ஆயுஷ்மான் (மத்திய அரசோட இலவச மருத்துவக் காப்பீடு) கேஸ் எடுக்க மாட்டோம்னு நின்னாங்க, அரசுகிட்ட இருந்து பாக்கி வரலைன்னு. ஆஸ்பத்திரிக்குப் பாக்கின்னா பேப்பர்ல வருது. ஆஸ்பத்திரி எங்களுக்கு வச்சிருக்கிற பாக்கியை யார் எழுதறா?

நான் விசிட்டிங் டாக்டர். எங்கேயும் மாசச் சம்பளம் கிடையாது. காலையில சூரமங்கலம், மத்தியானம் ஐந்து ரோடு, ராத்திரி சிசேரியன்னு கூப்பிட்டா ஆத்தூர் வரைக்கும் போவேன். முன்னெல்லாம் கேஸ் முடிஞ்சு தியேட்டரை விட்டு வந்தா சிஸ்டர் ஃபீஸ் கவரை நீட்டுவாங்க. இப்ப, "மேடம், இது அரசு காப்பீட்டுக் கார்டு கேஸ், க்ளெய்ம் பணம் வந்ததும் போட்டு விடறோம்".

ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) ஃபீஸ் இன்னும் வரலை. ஆனா அதுக்கு 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) மட்டும் பிடிச்சுக் கட்டிட்டாங்க. கணக்குல என் பேர்ல வரவு எழுதினாலே பிடிச்சாகணும், அது சட்டம். ஆக வருமான வரித்துறைக் கணக்குப்படி நான் சம்பாதிச்சுட்டேன், பாஸ்புக் படி இல்லை. ஆடிட்டர் சிரிக்கிறார்.

நர்சிங் ஹோம், குகை

மேடம், கவர் கொடுக்க வேண்டிய பக்கத்துல இருந்து பேசறேன், திட்டாதீங்க.

ஆயுஷ்மானோட இணைஞ்ச முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்னு கேள்விப்பட்டு நோயாளி வர்றார். எங்களுக்கு வர்றது அந்த ஆபரேஷனுக்குன்னு நிர்ணயிச்ச பேக்கேஜ் தொகை மட்டும்தான். தியேட்டர், மருந்து, எலும்புல வைக்கிற ப்ளேட், சாப்பாடு, சர்ஜன், நீங்க, எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

கொண்டலாம்பட்டி பைபாஸ்ல பைக் சறுக்கி விழுந்த ஒரு பையன், தொடை எலும்பு முறிவு, கார்டு கேஸ். ப்ரீ ஆத் (ஆபரேஷனுக்கு முன் அனுமதி) வந்துச்சு, ப்ளேட் வச்சாச்சு, பையன் வீட்டுக்கும் போயிட்டான். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பெட்ல எடுத்த போட்டோ, ப்ளேட் டப்பாவில இருந்த ஸ்டிக்கர் எல்லாம் க்ளெய்முக்கு ஆன்லைன்ல ஏத்தினோம். க்வெரி (விளக்கம் கேட்டுக் கேள்வி) விழுந்தது: ஸ்டிக்கர்ல நம்பர் தெரியலையாம். கேஸ் ஷீட்டைப் பிரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல வச்சு மறுபடி போட்டோ எடுத்து அனுப்பினோம். அடுத்த க்வெரி: ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரேல தேதி எங்கே? 15 நாள்ல பணம்னு ஆயுஷ்மான் வழிகாட்டுதல் சொல்லுது. க்வெரி விழுந்தா அந்த 15 நாளை யார் எண்ணறாங்க?

அதுவரைக்கும் ப்ளேட் கம்பெனிக்காரர் பழைய பாக்கி தீராம அடுத்த செட் தர மாட்டார். ஈபி பில் நிக்காது. சிஸ்டர்களுக்குச் சம்பளம் தள்ளினா அடுத்த மாசம் ஆளே இருக்காது. தள்ளிப் போட முடிஞ்சவங்க யாருன்னு பார்த்தா, முகம் பார்த்துப் பழகின உங்களை மாதிரி டாக்டருங்கதான். நியாயம்னு சொல்லலை.

இன்சூரன்ஸ் டெஸ்க், நாலு ரோடு

பிரைவேட் பாலிசியில வேற கூத்து. 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆணையம்) சர்க்குலர் போட்டுச்சு: கேஷ்லெஸ் (கையில இருந்து பணம் கட்டாம சிகிச்சை) கேட்டா 1 மணி நேரத்துல பதில், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்துல ஃபைனல் அப்ரூவல். அதைச் சொல்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டை நோயாளி வீட்டுக்காரங்க மூஞ்சிக்கு நேரா காட்டித்தான் பேசறாங்க. நல்ல விதிதான், ஆனா அது நோயாளி வீட்டுக்குப் போறதுக்கு. விசிட்டிங் டாக்டர் கைக்குப் பணம் போறதுக்கு அப்படி மணிக்கணக்கு எதுவும் இல்லை.

அப்புறம் ரூம் வாடகை. பாலிசியில ஒரு நாளைக்கு 3,000 லிமிட் இருக்கு, 6,000 ரூபாய் ஏசி ரூம் வேணும்பாங்க. அப்படி எடுத்தா பல பாலிசியில ரூம் வாடகையோட வெட்டு நிக்காது, சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸுக்கு இன்சூரன்ஸ் தர்றதும் அதே விகிதத்துல பாதியாயிடும். மீதியை நோயாளி கட்டணும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருத்தர், "டாக்டர் ஏமாத்திட்டார்"னு கவுண்டர்ல கத்தினார். பாலிசி பேப்பரை மார்க்கர்ல கோடு போட்டுக் காட்டினேன். கட்டினார், டாக்டரைத் திட்டறதை மட்டும் விடலை.

கிளினிக், ஏற்காடு

இங்க கார்டெல்லாம் எடுபடாது. அந்தத் திட்டம் அட்மிஷனுக்குத்தான், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கறவங்களுக்கு இல்லை. எஸ்டேட் சம்பள நாள்ல கடன் திரும்பி வரும். காப்பி பறிப்பு சீசன்ல தாராளமா வரும். டவர் இல்லாட்டி ஜிபே சுத்திட்டே இருக்கும், "நாளைக்குத் தர்றேன் சார்"னு போவாங்க. தந்துடுவாங்க. 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழ நீங்க படற பாட்டைப் பார்த்தா நான் பாக்கியசாலி.

கொலுசுப் பட்டறை, பனங்காடு

நான் டாக்டர் இல்லீங்க. எங்கம்மாவுக்குக் கார்டுலதான் ஆபரேஷன் ஆச்சு. கவர்மென்ட் அன்னிக்கே டாக்டருக்குப் பணம் போட்டுடும்னு நினைச்சேன். ஆனா "மயக்க டாக்டருக்குத் தனியா"ன்னு ரசீது இல்லாம எங்ககிட்ட வாங்கினாங்களே, அது யாருக்குங்க போச்சு?

மயக்க டாக்டர், அஸ்தம்பட்டி

அண்ணா, அப்படி வாங்கவே கூடாது. பேக்கேஜ்லயே அது அடக்கம். 1800 425 3993-க்குக் கூப்பிட்டுப் புகார் பண்ணுங்க. அந்தப் பணம் மயக்க டாக்டர் கைக்குப் போயிருக்கும்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ஆடிட்டர், செர்ரி ரோடு

சிரிச்ச ஆடிட்டர் நான் இல்லை. டாக்டர்களும் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு பண்ணலாம், செலவில்லை. குறு, சிறு நிறுவனமாப் பதிவு இருந்தா, எழுத்து ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும். தாண்டிட்டா, வருமான வரிக் கணக்குல அந்தச் செலவை ஆஸ்பத்திரி அந்த வருஷம் கழிச்சுக்க முடியாது, பணம் கொடுத்த வருஷம்தான். வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் மாசம் இதைச் சொல்லிப் பாருங்க, அக்கவுண்ட்ஸ் மேனேஜரே போன் பண்ணுவார்.

மயக்க டாக்டர், அஸ்தம்பட்டி

போன் பண்ணுவார் சார். அடுத்த கேஸுக்குக் கூப்பிடுவாரா?

நர்சிங் ஹோம், குகை

நான் கூப்பிடுவேன் மேடம். வியாழக்கிழமை காலையில ஒரு ஹெர்னியா இருக்கு. கேஷ் கேஸ்.