எரிக் லிண்ட்ராஸ்: ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவர்தானா?

நீலக்கோடு:
2016-ல் ஐஸ் ஹாக்கி வீரர் லிண்ட்ராஸை ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்த்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. 1991 ட்ராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) கியூபெக் நோர்டிக்ஸ் அணி அவரைத்தான் முதலில் எடுத்தது. அங்கே ஆட மாட்டேன் என்று ஒரு வருடம் பிடிவாதமாக நின்றார். 13 சீசன் ஆடியும் ஒரு ஸ்டான்லி கோப்பைகூட (வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பை) இல்லை. 1997 இறுதித் தொடரில் டெட்ராய்ட்டிடம் நான்கு ஆட்டத்திலும் தோற்று 4-0. ஹாக்கி ஜாம்பவான் கிரெட்ஸ்கிக்கு அடுத்தவர் என்று பேசப்பட்டவரின் கணக்கா இது?

ஃபிலிரசிகை:
760 ஆட்டத்தில் 865 புள்ளி (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) நண்பரே. பிலடெல்பியா ஃப்ளையர்ஸுக்கு மட்டும் 486 ஆட்டத்தில் 659. கோல் விழுவதே அரிதாகிப்போன தொண்ணூறுகளின் பிற்பகுதியும் இதில் சேர்த்தி. 1995-ல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது வேறு. இன்னொரு நட்சத்திர வீரர் பாவெல் பூரே 702 ஆட்டம்தான் ஆடினார், அவருக்கும் கோப்பை இல்லை. 2012-லேயே உள்ளே எடுத்தார்கள். அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?

நீலக்கோடு:
லிண்ட்ராஸை வாங்க ஃப்ளையர்ஸ் கியூபெக்குக்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். ஃபோர்ஸ்பெர்க், ரிச்சி, ஹெக்ஸ்டால் என்று ஒரு வீரர் பட்டாளமே போனது, கூடவே 1.5 கோடி டாலர். கியூபெக் அணி கொலராடோவுக்குக் குடிபெயர்ந்து 1996, 2001 இரண்டு கோப்பை வென்றது. ஃபோர்ஸ்பெர்க் மட்டுமே 708 ஆட்டத்தில் 885 புள்ளி.

மத்தியக்களம்:
பேரம் பேசியது நிர்வாகம், அதை ஆட்டக்காரர் தலையில் கட்டாதீர்கள். கியூபெக் அணி ஃப்ளையர்ஸிடமும் பேசி, நியூயார்க் ரேஞ்சர்ஸிடமும் பேசி, கடைசியில் ஒரு நடுவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. லிண்ட்ராஸுக்கு அப்போது 19 வயது. தன் பிரச்சினை அணி உரிமையாளரோடுதான், பிரெஞ்சு மொழியோடு இல்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

நீலக்கோடு:
சரி, 2000-ல் நியூ ஜெர்சி அணியின் ஸ்டீவன்ஸ் லிண்ட்ராஸை மோதி அடித்த அடி? பக்கை (ஆடும் வட்டு) பார்த்துக்கொண்டே ப்ளூ லைனை (எதிரணிப் பகுதி தொடங்கும் கோடு) கடக்காதே என்று சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறார்கள். அந்த அடிக்கு பெனால்டிகூடக் கொடுக்கவில்லை.

ஃபிலிரசிகை:
அதைப் பற்றி முழுசாகவே பேசுவோம். 2000 மார்ச்சில் அவருக்குத் தலையில் அடிபட்டது. அணியின் மருத்துவ உதவியாளர்கள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கேப்டன் பதவி போனது. மே மாதம் நியூ ஜெர்சிக்கு எதிரான ப்ளேஆஃப் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் திரும்பி வந்து கோலும் போட்டார். அடுத்தது ஏழாவது ஆட்டம், மே 26, முதல் பீரியட். பக்கோடு உள்ளே வளைந்து வருகிறார், ஸ்காட் ஸ்டீவன்ஸின் தோள் நேராகத் தாடையில் இறங்குகிறது. சரிந்து விழும்போது தலை பனியிலும் மோதியது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

தலையை நிமிர்த்தி ஆடு என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் தலையைக் குறிவைத்து அடிப்பதற்கு என்ஹெச்எல் தனி விதி போட்டதே 2010-ல். பத்து வருடம்! அவருடைய தம்பி பிரெட் இதே தலைக்காயத்தால் 1996-ல் 20 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். இதற்குப் பிறகும் குற்றம் அடிவாங்கியவர் மீதா?

நீலக்கோடு:
அணி அவரை நடத்திய விதம் தப்பு, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த 2010 விதி பக்கவாட்டிலிருந்தும் பார்வைக்கு மறைவிலிருந்தும் வரும் அடியைத்தான் தடுத்தது. ஸ்டீவன்ஸ் கிட்டத்தட்ட எதிரில் வந்தார். அப்புறம், காயம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற கற்பனைக்கெல்லாம் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் தர முடியாது.

மத்தியக்களம்:
கற்பனையே வேண்டாம், நடந்ததை மட்டும் எடுங்கள். அந்த அடிக்குப் பிறகு 2001-02-ல் ரேஞ்சர்ஸுக்கு வந்து 37 கோல். அதே குளிர்காலத்தில் சால்ட் லேக்கில் கனடாவுக்கு ஒலிம்பிக் தங்கம். 2010-லிருந்தே தகுதி இருந்தும் தேர்வுக்குழு 2016 வரை காக்கவைத்தது. என் கோபமெல்லாம் அந்தத் தாமதத்தின் மேல்தான்.

நீலக்கோடு:
37 கோலை மறுக்கவில்லை. ஆனாலும் ஃபோர்ஸ்பெர்க் பக்கத்தில் அவரை நிறுத்த என்னால் முடியாது.