பத்துக் கோத்திரங்கள் உண்மையிலேயே காணாமல் போயினவா?

வேதவாசகன்:
கி.மு. 722-ல் வடதேசமான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்ததோடு, அந்தத் தேசத்தின் பத்துக் கோத்திரங்களும் (குலங்களும்) அடியோடு மறைந்துவிட்டன என்று எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் சொன்னார். என்னால் ஏற்க முடியவில்லை. சமாரியாவிலிருந்து 27,290 பேரைச் சிறையாகக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டில் சொல்கிறான். வெற்றியைப் பறைசாற்ற எழுதியது, குறைத்துச் சொல்லியிருக்க மாட்டான். அதற்குச் சுமார் இருபது வருடம் முன்பு இஸ்ரவேலின் ராஜா மெனாகேம் அசீரியாவுக்கு 1,000 தாலந்து வெள்ளி கப்பம் கட்டினான். ஐசுவரியவான்களிடம் தலைக்கு 50 சேக்கல் தண்டினான் (2 இராஜாக்கள் 15). ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்தால், பணக்காரர்கள் மட்டுமே 60,000 பேர் வருகிறார்கள். அப்படியானால் மீதி ஜனங்கள் எங்கே போனார்கள்?

கோசான்நதி:
சகோதரரே, முதல் சிறையிருப்பை விட்டுவிட்டீர்கள். 722-க்குப் பத்து வருடம் முன்பே அசீரிய ராஜா திகிலாத்பிலேசர் கீலேயாத்தையும் கலிலேயாவையும் நப்தலி தேசம் முழுவதையும் பிடித்து, ஜனங்களைக் கொண்டுபோய்விட்டான். கீழ்க் கலிலேயாவில் நடந்த தொல்லியல் களஆய்வும் அதற்கடுத்த நூற்றாண்டில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடந்ததையே காட்டியது. தெற்கே இருந்த யூதா கோத்திரம் மட்டுமே மீந்தது என்று 2 இராஜாக்கள் 17 தெளிவாகச் சொல்கிறது. பாபிலோன், கூத்தா, ஆமாத் ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் சமாரியாவில் குடியேற்றப்பட்டார்கள்.

வேதவாசகன்:
சரி, கலிலேயாவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் யூதாவின் ராஜா எசேக்கியா பஸ்கா பண்டிகைக்கு அழைப்பு அனுப்பியபோது ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரத்தாரில் சிலர் தங்களைத் தாழ்த்தி எருசலேமுக்கு வந்தார்களே (2 நாளாகமம் 30). ஆசேரும் செபுலோனும் கலிலேயாப் பக்கத்துக் கோத்திரங்கள். நூறு வருடம் கழித்து யூதாவின் ராஜா யோசியா எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோதும் எப்பிராயீமிலும் மனாசேயிலும் மீந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். அப்புறம் லூக்கா 2-ல் வரும் தீர்க்கதரிசி அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள்.

மண்ணடுக்கு:
இடையில் ஒன்று சொல்கிறேன். எருசலேமில் தொல்லியலாளர் நாக்மான் அவிகாத் 1970-களில் தோண்டி எடுத்த மதில் சுமார் 7 மீட்டர் தடிமன். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நகரம் மேற்கு மலைவரை பெருகியதற்கு அது சாட்சி. வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களால்தான் அப்படிப் பெருகியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. ஆனால் வேதவாசகன் ஐயா, நாளாகமம் யூதாவின் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு, பல தலைமுறை கழித்து எழுதப்பட்டது. எசேக்கியா காலத்துக்கு அதை மட்டும் ஆதாரமாக வைக்க எனக்குத் தயக்கம்.

கோசான்நதி:
ஆட்கள் தப்பியதை நான் மறுக்கவில்லை. ஆட்கள் பிழைத்தால் கோத்திரம் பிழைத்ததாகிவிடுமா? கோத்திரம் என்றால் பரம்பரை உரிமையாகக் கிடைத்த நிலம், வம்ச அட்டவணை, மூப்பர்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்கள் திரும்பலாம் என்ற பெர்சிய ராஜா கோரேசின் கட்டளைக்குப் பிறகு ஆலயம் கட்டப் புறப்பட்டவர்களை எஸ்றா சொல்லும்போது யூதா, பென்யமீன் வம்சத் தலைவர்களையும் ஆசாரியரையும் லேவியரையும்தான் சொல்கிறான். பத்துக் கோத்திரத்தார் ஐபிராத்து நதிக்கு அப்பால் எண்ணமுடியாத திரளாய் இருப்பதாக முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதினார். அவர் காலத்திலேயே அவர்கள் தூரத்து ஜனமாகிவிட்டார்கள்.

கெரிசீம்:
சமாரியரை இருவருமே விட்டுவிட்டீர்களே! நாப்லஸ் அருகே கெரிசீம் மலையிலும் ஹோலோன் நகரிலும் இன்றும் ஏறத்தாழ 800 பேர் வாழ்கிறார்கள். எப்பிராயீம், மனாசே, லேவி வம்சம் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், இன்றும் ஆடு பலியிட்டுப் பஸ்கா கொண்டாடுகிறார்கள். அவர்களை வெறும் அந்நியர் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

கோசான்நதி அண்ணா, எரேமியா 41-ஐ ஒருமுறை வாசியுங்கள். பாபிலோனியர் ஆலயத்தைச் சுட்டெரித்த பிறகு, சமாரியா விழுந்து ஏறக்குறைய 135 வருடம் கழித்து, சீகேம், சீலோ, சமாரியாவிலிருந்து 80 பேர் தாடியைச் சிரைத்து, உடையைக் கிழித்துக்கொண்டு, காணிக்கையும் தூபவர்க்கமும் ஏந்தி கர்த்தருடைய ஆலயத்துக்குப் புறப்பட்டு வருகிறார்கள். கூத்தாவிலிருந்து வந்து குடியேறியவனின் பேரன் இடிந்துபோன ஆலயத்துக்காக அப்படித் துக்கம் கொண்டாடுவானா?

கோசான்நதி:
அந்த 80 பேரை நான் யோசித்ததில்லை, தங்கையே. எந்தக் கோத்திரத்தார் என்று அங்கே எழுதவில்லை என்பதால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனாலும் வடதேசம் காலியாகிவிட்டது என்று இனி எழுதமாட்டேன்.