ஆம்ப்ளிஃபையரில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல்

கேள்வி:
அப்பா வாங்கிய பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை டிவியோடு இணைத்திருக்கிறேன். பாட்டே ஓடாவிட்டாலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று முனகல். ஆர்.சி.ஏ. ஒயரைப் புதிதாக மாற்றியும் போகவில்லை. ராத்திரி சத்தம் குறைத்துப் பாட்டுக் கேட்கும்போது மனசே விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பழைய செட் என்றால் உள்ளே கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
தம்பி, அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். முதலில் இன்புட் ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். முனகல் நின்றால் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒயர்களை மறுபடி மாட்டி, டிவிக்குப் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரை மட்டும் கழற்றுங்கள். அதில் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு இடத்தில் எர்த் ஆவதால் வரும் கோளாறு. கேபிளின் வெளிவலை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும், ஆம்ப் உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால் ஆர்.சி.ஏ. ஒயரின் ஷீல்டு (வெளிவலை) வழியாகக் கரண்ட் ஓடும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுதான் அந்த முனகல். கெப்பாசிட்டர் கோளாறு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும்.

எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சிலர் அப்படிச் சொல்வார்கள். ஆம்ப்பின் பாடியில் கரண்ட் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேட்டவர்:
அண்ணா, கேபிளைக் கழற்றிய நொடியே நின்றது! மாட்டினால் மறுபடி வருகிறது.

பதில் 2:
சரி, அப்படியானால் கேபிள் ஒயருக்கு, அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் டிஜிட்டல் சிக்னலைச் சாதாரண ஆடியோ சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன டி.ஏ.சி. வாங்கி அதன் வழியே ஆம்ப்புக்குக் கொடுங்கள். ஆப்டிகல் ஒயரில் போவது வெளிச்சம், கரண்ட் அதில் தாண்டாது.