பலமுறை ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு பூனைக்குக் கழிசல் நிற்கவில்லை. குடலைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: நாகலூர், ஏற்காடு

வணக்கம். எங்கள் பூனை செவ்வந்திக்கு இரண்டு வயதாகிறது, கருத்தடை செய்யப்பட்டவள். ஆடி மாதத்தில் வேறொரு பூனை கடித்ததில் வாலடியில் சீழ் கட்டி, அதற்காக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தோம். புண் ஆறிவிட்டது, ஆனால் மருந்து முடிவதற்கு முன்பே மலம் இளகத் தொடங்கியது. கழிசலுக்கென மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் தரப்பட்டது. அதைக் கொடுக்கும் வரை மலம் கட்டியாக இருக்கும். நிறுத்திய சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். எனவே அதையே மறுபடியும் கொடுத்தோம். இடையில் தும்மலும் கண்ணில் நீர் வடிதலும் வந்தபோது டாக்சிசைக்ளின் என்ற மூன்றாவது ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தது.

இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கூழாகவும், சளி கலந்தும் போகிறாள். சில நேரங்களில் மலத்தின் மேல் மெல்லிய இரத்தக் கோடு தெரிகிறது. வாந்தி இல்லை, பசியும் குறையவில்லை, ஆயினும் 3.6 கிலோ இருந்தவள் 3.2 கிலோவாக இளைத்துவிட்டாள். தயிர்சாதம் கொடுத்தால் வயிறு கட்டிவிடும் என்று அண்ணி சொல்கிறார். மருந்துக்கடையில் கழிசலை நிறுத்த மனிதர்களுக்குத் தரும் லோபரமைடு மாத்திரையில் கால் பங்கு கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர் கொண்ட மருந்து) கொடுத்தால் குடல் சீராகும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: அம்மாப்பேட்டை, சேலம்

சகோதரி, லோபரமைடு மட்டும் வேண்டவே வேண்டாம். பூனைகளில் அது மயக்கத்துக்குப் பதிலாகப் பெரும் கலவரத்தை உண்டாக்கக்கூடும். கிருமியோ நஞ்சோ உள்ளே இருந்தால் அதை வெளியேற விடாமலும் தடுக்கும். தயிர்சாதத்தில் சிலர் சேர்க்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்பதையும் அண்ணியிடம் சொல்லுங்கள். மற்றதை மருத்துவர்கள் சொல்லட்டும்.

பதில்: கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி

எந்த புரோபயாடிக் என்ற கேள்விக்கு முன்னால் ஏன் கழிகிறது என்ற கேள்விக்கு விடை வேண்டும். மெட்ரோனிடசோல் கொடுக்கும்போது நின்று, நிறுத்தியதும் திரும்புகிற கழிசலில் காரணம் உள்ளேயே இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை அம்மருந்து ஓரளவு அடக்கும், முழுவதுமாக ஒழிக்காமல் போவதும் உண்டு. இளம் பூனைகளின் பெருங்குடலைத் தாக்கும் டிரைடிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது தணிந்ததுபோல் தோன்றிப் பிறகு திரும்பும். உணவு ஒவ்வாமையும் இருக்கலாம்.

இரண்டாவதாக, ஆன்டிபயாடிக்கே செய்த சேதம். கல்லீரல் சுரக்கும் முதல்நிலைப் பித்த அமிலங்களைக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள், குறிப்பாக கிளாஸ்டிரிடியம் ஹிரனோனிஸ், இரண்டாம்நிலை அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வாறு மாறிய அமிலங்கள்தாம் தீமை செய்யும் கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. மெட்ரோனிடசோல் இந்தப் பாக்டீரியாவைப் பெரிதும் அழித்துவிடுவதால், மாறாத அமிலங்கள் பெருங்குடலைச் சென்றடைந்து நீரைச் சுரக்கச் செய்கின்றன. இது சீராகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். சந்தையில் கிடைக்கும் எந்த புரோபயாடிக்கிலும் இந்தப் பாக்டீரியா இல்லை, தயிரிலும் இல்லை. தயிர் ஒரு தேக்கரண்டி ஒத்துக்கொண்டால் கெடுதல் இல்லை, ஆனால் அது மருத்துவம் ஆகாது.

ஆகவே முதலில் மலப் பரிசோதனை. ஜியார்டியாவின் கூடுகள் (மலத்தோடு வெளிவந்து தொற்றைப் பரப்பும், உறை மூடிய வடிவம்) ஒவ்வொரு நாளும் வெளிவருவதில்லை என்பதால் மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொடுங்கள். அதைக் குளிர்ச்சியாக வைக்கலாம். டிரைடிரைக்கோமோனாஸுக்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் நேரடி நுண்ணோக்கிச் சோதனையும் உண்டு; அதற்கான மலம் அன்றைய மலமாக, குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்படாததாக இருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் அன்று காலையில் எடுத்தால் சரியாக இருக்கும். சேலத்தில் வசதி அமையவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

கடிபட்டவள் என்பதால், இரண்டு மாதம் கழிந்திருந்தால் பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸுக்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள்; அந்த வைரஸ் பெரும்பாலும் கடியின் வழியேதான் பரவுகிறது. முடிவு வரும்வரை அவள் பழகிய ஒரே உணவைச் சிறு சிறு பங்காகக் கொடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை உணவை மாற்றுவதைக் குடல் இன்னொரு தாக்குதலாகவே உணரும். ஒரு நாள் முழுக்க உண்ண மறுத்தாலோ, மலம் கரிய நிறமாகப் பிசுபிசுத்தாலோ, வாந்தி தொடங்கினாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே தூக்கி வாருங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிவது உயிருக்கே ஆபத்து.

அவள் எந்த நீரைக் குடிக்கிறாள்? வீட்டில் வேறு பூனைகள் உண்டா?

கேள்வி கேட்டவர்

டாக்டர் ஐயா, மிக்க நன்றி. எங்களுக்கு எஸ்டேட் ஊற்றிலிருந்து குழாய் வழியாக நீர் வருகிறது. நாங்கள் காய்ச்சிக் குடிக்கிறோம், ஆனால் அவளுக்கு வெளித்தொட்டி நீரே பழக்கம். அந்தத் தொட்டியில் அக்கம்பக்கத்துப் பூனைகளும் குடிக்கும். வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது. அதற்குக் கழிசல் இல்லை. பரிசோதனையில் ஜியார்டியா இருப்பது உறுதியாகிவிட்டது. எஃப்.ஐ.வி. இல்லை என்று வந்துள்ளது. ஃபென்பென்டசோல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் குடலைக் கெடுக்குமா?

பதில்: கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி

ஃபென்பென்டசோல் ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்ததன்று. புழுக்களையும் ஜியார்டியாவையும் தாக்குமேயன்றிக் குடல் பாக்டீரியாக்களை மெட்ரோனிடசோலைப் போல அழிப்பதில்லை. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒருமுறை, 3 முதல் 5 நாட்கள். உங்கள் மருத்துவர் எழுதிய அளவையே பின்பற்றுங்கள். மற்றப் பூனையின் மலத்தையும் சோதித்துவிடுவது நல்லது. மருந்து முடியும் நாளில் செவ்வந்தியின் பின்புறத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள்; ரோமத்தில் ஒட்டிய கூடுகளை நக்கியே மறுபடியும் தொற்றிக்கொள்வாள்.

குடலைத் தேற்றுவதைப் பற்றி இனிப் பேசலாம். கடைகளில் விற்கும் எத்தனையோ தூள்களைவிட நான் நம்புவது மாறாத, எளிதில் செரிக்கும் உணவைத்தான். வேகவைத்த கோழி கொடுத்தால் உப்பு, எலும்பு இல்லாமல், வெந்த நீரோடு சேர்த்துக் கொடுங்கள்; டாரின் என்னும் சத்து அந்த நீரில்தான் இறங்கியிருக்கும். வெறும் கோழியில் கால்சியம் போதாது, ஆகவே அதை ஒரு சில நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு முழுமையான பூனை உணவுக்கு ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாறுங்கள்.

இசப்கோல் உமியைக் கால் தேக்கரண்டி அளவு நன்றாக நீரில் ஊறவைத்து ஈர உணவில் கலக்கலாம். அதிலுள்ள நார்ச்சத்தின் ஒரு பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, பெருங்குடல் சவ்வுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. மீதி, நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டும். புரோபயாடிக் வேண்டுமென்றால் சாக்கரோமைசஸ் பவுலார்டி நல்ல தேர்வு. அது ஈஸ்ட் என்பதால் பின்னொரு நாள் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும் அழியாது. எஃப்.ஐ.வி. இல்லாததால் அவளுக்குத் தடையில்லை, அளவை மட்டும் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். பாக்டீரியா வகை புரோபயாடிக் என்றால் ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

எடை குறைந்திருப்பதால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட கழிசலில் சிறுகுடலின் கடைப்பகுதி அதை உறிஞ்ச இயலாமல் போகும். அது குறைந்திருக்கும் வரை வேறு எந்த மருத்துவமும் முழுப் பலன் தராது. வழக்கமாக வாரம் ஒருமுறை 250 மைக்ரோகிராம் ஊசி, ஆறு வாரம் போடப்படும்.

பதில்: ஏற்காடு, எஸ்டேட் பகுதி

அக்கா, உங்கள் பகுதியின் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் ஜியார்டியாவின் கூடுகள் நெடுநாள் உயிரோடிருக்கும். சாதாரண குளோரின் அளவுக்கும் எளிதில் சாவதில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்தாலும், ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் அவை அழிந்துவிடும். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டையும் உணவுத் தட்டையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து எடுங்கள். மூடுபனி நாட்களில் இங்கே எதுவும் காய்வதில்லை என்பதால் நான் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மருந்து முடிந்தது. இரத்தக் கோடு நின்றுவிட்டது. மலம் இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் உருவம் கொள்கிறது. எடை மெல்ல ஏறுகிறது. மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமா? இசப்கோலை எப்போது நிறுத்தலாம்?

பதில்: கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி

மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை மலத்தைச் சோதியுங்கள். கூடுகள் இல்லாமல், மலம் மட்டும் மென்மையாகவே நீடித்தால், இன்னும் ஆன்டிபயாடிக் தேவை என்று கருதாமல் இதுவரை உண்ணாத ஒரு புரதம் கொண்ட உணவை இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்; உணவினால் வந்த கழிசல் பெரும்பாலும் அதற்குள் மாறுதல் காட்டிவிடும். மலம் ஒரு மாதம் தொடர்ந்து உருவாக வந்த பிறகு இசப்கோலைப் பாதியாக்கி, பின்பு நிறுத்துங்கள். அந்த வாரங்களில் உணவையோ நீரையோ வேறெதையுமோ மாற்ற வேண்டாம். மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இயலாது. சமையல் தராசிலேயே வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, 3.6 கிலோவை எட்டியதும் எழுதுங்கள்.